ரைட் ஆங்கிள் ட்ரில்: இறுகினால் கை என்ன ஆகும் என்று பார்த்து வாங்குங்கள்

தம்பி, ரொறன்ரோவில் முதல் வருட எலக்ட்ரிக்கல் அப்ரென்டிஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் புது வீட்டு வயரிங், இடைக்கிடை பழைய வீட்டுத் திருத்தவேலை. சொந்தமாக ஒரு ரைட் ஆங்கிள் ட்ரில் (பிட் உடம்புக்குச் செங்குத்தாகத் திரும்பி நிற்கிற கோண ட்ரில்) வாங்க எது நல்லது, அல்லது ஸ்க்ரூ முடுக்குகிற இம்பாக்ட் டிரைவரில் மாட்டுகிற கோண அடாப்டரே காணுமா என்பதுதான் கேள்வி. நானும் ஸ்காபரோவில் இருந்துகொண்டு இதே வேலைதான் செய்கிறேன், 309ஏ என்கிற ஒன்ராறியோ எலக்ட்ரிஷியன் லைசென்ஸ் எடுத்து 14 வருடம் ஆகிறது.

அடாப்டர் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். கபினெட் மூலைக்குள் ஒரு ஸ்க்ரூ இறுக்க, கை நுழையாத இடத்தில் ஒரு பெட்டியைப் பிடிக்க அது அருமையான சாமான். என் பையிலும் ஒன்று கிடக்கிறது. ஆனால் அதன் தலைக்குள் இருப்பவை சின்னச் சின்னப் பல்சக்கரங்கள். நாள் முழுக்க ஸ்டட்டில் (சுவருக்குள் நிமிர்ந்து நிற்கிற மரச்சட்டம்) ஓட்டை போட்டால் ஒரு மாதம் தாங்காது. 12 வோல்ட் குட்டி ட்ரில்களும் அதே இனம்தான். பொஷ்ஷில் தலையை ஐந்து நிலைகளில் மடக்கி வைக்கிற ஒன்று உண்டு, பார்க்க ஆசையாக இருக்கும். கிச்சன் பூட்டுகிறவர்களுக்கு அது தங்கம். உங்களுக்கு அது இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வாங்குகிற ட்ரில்.

சரி, ஏன் இந்தக் கோண ட்ரில் தேவை? இங்கே மரச்சட்டச் சுவரில் ஸ்டட்டுகள் நடுவுக்கு நடு 16 அங்குலம். ஒரு ஸ்டட்டின் தடிப்பு 1½ அங்குலம், ஆகவே இடைவெளி 14½ அங்குலம். சாதாரண ட்ரிலில் ஓகர் பிட்டை (மரம் துளைக்கிற நீளமான திருகுப் பிட்) மாட்டி அதற்குள் நேராக நிறுத்தவே முடியாது. ட்ரிலின் பின்பக்கம் அறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்க, பிட் சுவரின் அடுத்த பக்கத்தைப் பார்த்துச் சரிந்து போகும். இதில் இரண்டு கேடு. ஒன்று, சரிந்த ஓட்டைகளுக்குள்ளால் லூமெக்ஸ் (வீட்டு வயரிங் கேபிள்) இழுக்கும்போது ஒவ்வொரு விளிம்பிலும் உரசும். முதல் மூன்று ஸ்டட் சுகமாகப் போகும், பத்தாவதில் வடம் இழுக்கிற மாதிரிக் காலை ஊன்றி இழுப்பீர்கள், மேல் உறை சீவிக்கொண்டு வரும். மற்றது, கேபிள் மர விளிம்பிலிருந்து குறைந்தது 32 மில்லிமீற்றர் உள்ளே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரும்புத் தகடு அடிக்க வேண்டும் என்பது விதி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2x4 என்று நாம் சொல்கிற மரத்தின் உண்மையான அகலம் 3½ அங்குலம். அதன் சரியான நடுவில் 7/8 அங்குல ஓட்டை போட்டால் இரு பக்கமும் மிஞ்சுவது 33 மில்லிமீற்றர் சொச்சம். பிழை விட உங்களுக்கு இருப்பது ஒரு மில்லிமீற்றர்தான். சரித்துத் துளைத்தால் நுழைகிற பக்கம் நடுவில் இருக்கும், வெளிவருகிற பக்கம் விளிம்பில் நிற்கும். இன்ஸ்பெக்டர் டோர்ச்சை எந்தப் பக்கம் பிடிப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். கடையில் எல்லோரும் ஆம்ப் எவ்வளவு, டோர்க் (முறுக்குகிற பலம்) எவ்வளவு என்று கேட்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, பிட் இறுகினால் இந்த ட்ரில் என்ன செய்யும் என்பதைத்தான்.

நான் அப்ரென்டிஸாக இருந்த காலத்தில் ஸ்காபரோவில் 1950களில் கட்டிய ஒரு பங்களா வீடு. பேஸ்மென்ட்டில் நின்று, மேலே கிச்சனுக்கு லைன் கொண்டுபோக ஜொயிஸ்ட்டுகளில் (மேல் தளத்தைத் தாங்குகிற மரங்கள்) ஓட்டை போடுகிறேன். அந்த மரம் அறுபது வருடம் காய்ந்து முதிரைக் குத்தி மாதிரி இறுகியிருந்தது. கையில் இருந்தது வேலைத்தலத்தில் யாரோ தந்த கயிறு (கரண்டில் செருகுகிற வயர்) வைத்த பழைய ட்ரில். பிட் இறுகினால் சுற்றுவதை விடுவிக்கிற கிளட்ச் கிடையாது, சைட் ஹாண்டிலை எப்போதோ யாரோ தொலைத்திருந்தார்கள். நான்காவது ஓட்டையில் சத்தம் மாறியது. மரத்துக்குள் சாய்த்து அடித்திருந்த பழைய ஆணி ஒன்றை ஓகர் பிடித்துக்கொண்டது. பிட் நின்றது, மோட்டார் நிற்கவில்லை. ட்ரிலின் உடம்பு சுற்றி வந்து பக்கத்து ஜொயிஸ்ட்டில் மோதியது. நடுவில் என் வலது கைச் சின்னி விரல். ஆறு கிழமை வீட்டில். நான் விசையை (ட்ரிலின் சுவிட்ச்) விட்டேனா இல்லையா என்று இன்றைக்கும் நினைவில்லை. அவ்வளவு நேரம் கிடைக்காது.

இது ஏன் நடக்கிறது என்று விளங்கினால் பாதிப் பாதுகாப்பு வந்துவிடும். பின்னால் இருந்து பார்க்கையில் பிட் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அது இறுகினால் ட்ரிலின் உடம்பு இடஞ்சுழியாகச் சுற்றும். உடம்பு உங்களுக்கு வலப்பக்கம் நீட்டியிருந்தால் மேலே எகிறும். இடப்பக்கம் என்றால் கீழே விழும். அது போகப் போகிற பக்கத்தில் ஒரு மரம் இருக்கும்படி ட்ரிலை அணைத்து வைத்துவிட்டுத்தான் விசையை அழுத்த வேண்டும், அப்போது உதையை உங்கள் மணிக்கட்டுக்குப் பதில் மரம் வாங்கும். அந்த மரத்துக்கும் ட்ரிலுக்கும் இடையில் விரல் இருக்கவே கூடாது. கனபேர் மறக்கிற இடம் ஒன்று உண்டு. இறுகிய பிட்டை ரிவர்ஸில் கழற்றும்போது உதை எதிர்ப்பக்கம் வரும். முன்னுக்குப் போகும்போது காப்பாற்றிய மரம் இப்போது தவறான பக்கத்தில் நிற்கும். ரிவர்ஸுக்கு மாற்றினால் நிற்கிற நிலையையும் மாற்றுங்கள். விசையை அழுத்திய நிலையிலேயே பூட்டி வைக்கிற பட்டன் சில கயிறு ட்ரில்களில் இருக்கும். அதைத் தொடவே வேண்டாம்.

ஆகவே கிளட்ச் உள்ளதாக வாங்குங்கள். மில்வாக்கியின் பெரிய கயிறு ட்ரில்லான சூப்பர் ஹோக்கில் இயந்திரக் கிளட்ச் இருக்கிறது. டிவால்ட்டின் சில பற்றரி ஸ்டட் அண்ட் ஜொயிஸ்ட் ட்ரில்களில் எலெக்ட்ரோனிக் கிளட்ச், பிட் இறுகியதை உணர்ந்து மோட்டாரை வெட்டிவிடும். சில ட்ரில்களில் கிளட்ச் குறைந்த வேகக் கியரில் மட்டும்தான் வேலை செய்யும். கடைக்காரரைக் கேட்காதீர்கள், மனுவலைத் திறந்து பாருங்கள். கிளட்ச் இருக்கிறது என்று அணைத்து வைப்பதை விட்டுவிடவும் கூடாது, அது விடுவதற்கு முன்பும் ஒரு இழுப்பு இழுக்கும்.

எந்த அளவு என்பது நீங்கள் தினமும் போடுகிற மிகப் பெரிய ஓட்டையைப் பொறுத்தது. பிளம்பர்மார் 2 அங்குலக் குழாய்க்கு 2 9/16 அங்குல செல்ஃப் ஃபீட் பிட் (தானே மரத்துக்குள் இழுத்துக்கொண்டு போகிற அகலமான பிட்) போடுகிறார்கள். அவர்களுக்குச் சூப்பர் ஹோக் மாதிரி 13 ஆம்ப் மிருகம் வேண்டும். நமக்கு 7/8, சில வேளை 1 அங்குல ஓகர். அடுப்பு, ட்ரையர் லைன்களுக்குக் கொஞ்சம் பெரிது. இதற்கு நடுத்தர வகையே காணும். மில்வாக்கியின் பழைய கயிறு ஹோல் ஹோக் வெறும் 7.5 ஆம்ப், வேகம் நிமிடத்துக்கு 300, 1200 சுற்று என்று இரண்டு. அதை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் காலம் ஓட்டியிருக்கிறார்கள். மக்கிட்டாவின் கயிறு ட்ரில்லும் அதே இரண்டு வேகம்தான், 10 ஆம்ப். சின்ன ஓகருக்கு வேகக் கியர், செல்ஃப் ஃபீட்டுக்கும் ஹோல் சோவுக்கும் (வட்டமாக அறுக்கிற கிண்ண வாள்) மெதுவான கியர். இதை மாற்றிச் செய்பவன்தான் பிட்டையும் கெடுத்து மணிக்கட்டையும் கெடுப்பான்.

கயிறா பற்றரியா? இன்றைக்கு நான் கயிறு வாங்கச் சொல்லமாட்டேன். புது வீட்டில் நீங்கள் போகும்போது கரண்டே இருக்காது, தற்காலிக லைன் இருந்தாலும் பத்துப் பேர் அதில் தொங்குவார்கள். 18 வோல்ட்டில் நல்ல மோட்டாரோடு வருகிற ஸ்டட் ட்ரில் ஒன்று போதும். (டிவால்ட் 20 என்று எழுதியிருப்பதும் அதே 18தான், முழுச் சார்ஜில் இருக்கும்போது அளந்த எண்ணைப் பெட்டியில் போடுகிறார்கள். 60 என்பதும் அப்படித்தான், சாதாரணமாக 54.) உங்கள் கொம்பனியில் மற்றவர்கள் எந்த நிறப் பற்றரி, அதாவது எந்த பிராண்ட், வைத்திருக்கிறார்களோ அதையே வாங்குங்கள். பின்னேரம் மூன்று மணிக்குச் சார்ஜ் போனால் கடன் கேட்கலாம், இந்த ஒரு காரணம் மற்ற எல்லா ஒப்பீட்டையும் விடப் பெரிது. மாரியில் பற்றரியை வான் வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். உறைநிலைக்குக் கீழே லிதியம் சார்ஜ் ஏறாது, இருக்கிற சார்ஜும் சோர்ந்துதான் வேலை செய்யும். நான் மதியம் வரைக்கும் ஒன்றை ஜாக்கெட்டின் உள்பையில் வைத்திருப்பேன்.

சக் (பிட்டைப் பிடிக்கிற வாய்) விஷயத்தில் சாவி போட்டு இறுக்குகிறதை வாங்குங்கள், அல்லது 7/16 அங்குல அறுகோணத் தண்டைச் சட்டென்று பூட்டுகிற வகை. மில்வாக்கி ஹோல் ஹோக்கில் இரண்டும் கிடைக்கிறது. கையால் முறுக்குகிற சக்கில் பெரிய பிட் வழுக்கும், தண்டு தேயும். சட்டென்று பூட்டுகிறது ஓகர் மாற்றச் சுகம், ஆனால் உருண்டைத் தண்டுள்ள உங்கள் பழைய பிட்டுகள் அதற்குள் போகாது. நான் எலக்ட்ரிஷியனுக்கு அதைத்தான் சொல்வேன், நாள் முழுக்க நமக்கு இரண்டே இரண்டு ஓகர்தானே.

வாங்க முன் பற்றரியைப் பூட்டி, ஓகரையும் மாட்டி, தலைக்கு மேலே ஜொயிஸ்ட்டில் பிடிக்கிற மாதிரி ஒரு நிமிடம் தூக்கிப் பாருங்கள். கடையில் வெட்கமாக இருக்கும், பரவாயில்லை. 60 வோல்ட் வகை சக்தியில் அபாரம், ஆனால் பேஸ்மென்ட்டில் அரை நாள் தலைக்கு மேலே தூக்கியபின் தோள் வேறு கதை சொல்லும்.

காசு போதாவிட்டால் பாவித்த கயிறு ட்ரில் நல்ல விலைக்குக் கிடைக்கும், மெட்டல் தலை வைத்தவை இலகுவில் சாகாது. இரண்டு கியரும் விழுகிறதா, தலைக்குள் அரைக்கிற சத்தம் இருக்கிறதா, கயிறு பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் “சைட் ஹாண்டில் மட்டும் காணவில்லை தம்பி, மற்றதெல்லாம் புதுசு மாதிரி” என்றால், அதே மொடலுக்குரிய ஹாண்டில் தனியாக வாங்க முடியுமா என்று பார்த்துவிட்டு அந்தக் காசைக் கழித்துக் கொடுங்கள். கிடைக்கவில்லை என்றால் ட்ரில்லை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.