மென்பவளங்களுக்குத் தனியாக உணவு ஊட்ட வேண்டுமா?

உங்கள் கடல்நீர்த் தொட்டியில் லெதர், ஜீனியா என்னும் இரு மென்பவளங்களும், நாளும் பிளாங்டன் (நீரில் மிதக்கும் நுண்ணுயிர்) திரவம் ஊற்றியும் சுருங்கிக்கொண்டே போகின்றன, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியம் என்று காட்டுகின்றன, இன்னும் எதை ஊற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடியில், எங்கள் பழைய வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்), 200 லிட்டர் தொட்டி ஒன்றை ஆறு ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன்; இதே நிலையில் நானும் தவித்திருக்கிறேன். எதையும் கூடுதலாக ஊற்ற வேண்டாம். அந்தச் சுழியத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

இவ்விரண்டு பவளங்களின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து, பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பங்கைத் தாமே அளித்துவிடுகின்றன. ஆனால் அப்பாசிகளுக்கு நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டும். அவை நீரில் அற்றுப்போனால் எவ்வளவு நல்ல விளக்கானாலும் பயனில்லை. முதலாண்டில் நான் தூய்மையின் மேல் கொண்ட ஆசையால் பாஸ்பேட் உறிஞ்சியை அளவுக்கு மீறி வைத்தேன். லெதர் மூன்று வாரம் பாலிப்புகளை (பூப்போல விரியும் அதன் சிறு உறுப்புகளை) விரிக்கவே இல்லை, மணல்மேல் குமிழிகளோடு பழுப்புச் சளியாக டைனோ என்னும் தொல்லை தரும் நுண்ணுயிர் படர்ந்தது. அந்த மூன்று வாரமும் எனக்குச் சரியான உறக்கமில்லை.

நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்னும் அளவு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்ற அளவில் வைத்திருங்கள். உறிஞ்சியை எடுத்துவிட்டு, ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) ஓடும் நேரத்தைக் குறைத்து, மீன்களுக்குச் சற்றுத் தாராளமாக இரை போடுங்கள். மீன் தின்று கழிப்பதே மென்பவளத்துக்கு நல்ல உரம். இரண்டு வாரத்திலும் நைட்ரேட் ஏறாவிட்டால், ஆய்வகத் தரப் பொட்டாசியம் நைட்ரேட் 16.3 கிராமை ஒரு லிட்டர் ஆர்.ஓ. நீரில் கரைத்துக்கொள்ளுங்கள், அதில் 10 மில்லி, 100 லிட்டர் நீரில் நைட்ரேட்டை 1 பிபிஎம் உயர்த்தும். ஒரு நாளில் அதற்கு மேல் உயர்த்தாமல், அளந்து பார்த்த பிறகே அடுத்த அளவை ஊற்றுங்கள். வயல் உரத்தைத் தொடவே வேண்டாம். அயோடினையும் அளக்காமல் ஊற்றாதீர்கள், ஒழுங்காக நீர் மாற்றினால் அதுவே போதும்.

நம் ஊரில் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் நீர் ஆவியாகி உப்பு செறிந்துவிடும், ஒப்படர்த்தி 1.025 அருகிலேயே நிற்குமாறு நாள்தோறும் நன்னீர் சேருங்கள். சம்பை ஊற்று நீர் நாவுக்கு எவ்வளவு இனித்தாலும், தொட்டிக்கு ஆர்.ஓ.வும் அயனி நீக்கியும் கடந்த நீரே உகந்தது.

லெதர் தன்னருகே உள்ள பவளங்களை ஒடுக்கும் வேதிப்பொருள்களை நீரில் விடுவதால், ஒரு சிறு பை செயலூட்டிய கரியை வடிகட்டியில் வைத்து மாதந்தோறும் மாற்றுங்கள். லெதரின் மேலே மெழுகுபோல ஏடு படிந்து அது சில நாள் மூடிக்கிடந்தால், தோலுரிக்கிறது என்று பொருள். கையால் உரிக்காமல் நீரோட்டத்தைச் சற்று அதன் பக்கம் திருப்பினால் ஏடு தானே கழன்றுவிடும்.