பீரோ மதுரையிலேயே இருக்கட்டும், கிரைண்டர் தில்லிக்குப் போகட்டும்

கேள்வி: கணவருக்குத் தில்லியில் வேலை கிடைத்திருக்கிறது. நான், கணவர், மாமியார் மூவரும் டிசம்பரில் மதுரையிலிருந்து குடிபெயர்கிறோம். சாமான்களைக் கொண்டுபோக பாக்கர்ஸ் நிறுவனம் 62,000 ரூபாய் கேட்கிறது. கையில் இருப்பதே 45,000தான். நகையை அடகு வைக்கலாமா?
- ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

நகையைத் தொடாதீர்கள். நீங்கள் அனுப்பிய சாமான் பட்டியலை இரண்டு முறை படித்தேன். கட்டில், சோபா, இரும்பு பீரோ, பத்து வருடப் பழைய ஃபிரிட்ஜ் ஆகிய நான்கும்தான் லாரியை அடைக்கின்றன. பீரோவைத் தவிர மற்ற மூன்றையும் விற்றுவிடுங்கள். தில்லியில் இவை மாத வாடகைக்கே கிடைக்கும். பீரோ அம்மா வீட்டுச் சீர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை விற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்கை வீட்டில் நிறுத்திவிட்டுப் போங்கள்.

மிச்சமெல்லாம் ரயிலில் போகட்டும். மதுரையிலிருந்து தில்லியின் ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்துக்கு சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. அது மதுரையிலேயே புறப்படுவதால் சாமான் ஏற்ற அவகாசம் கிடைக்கும். ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு ஆளுக்கு 40 கிலோ இலவசம். மூவருக்கு 120 கிலோ. துணிமணி, பாத்திரம், பூஜைச் சாமான் எல்லாம் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். பெரிய மூட்டைகளையும் கணவரின் பைக்கையும் பார்சலில் பதிவு செய்யுங்கள். பைக்கில் பெட்ரோலை முழுவதும் வடித்திருக்க வேண்டும், ஆர்.சி., அடையாள அட்டை நகல்கள் தேவை. பார்சல் பெட்டியில் எல்லா நாளும் இடம் இருக்காது. அதனால் டிக்கெட் எடுக்கும் முன்பே பார்சல் அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

மிக்ஸி போதும் என்று கணவர் சொல்கிறாராம். கேட்காதீர்கள். தில்லிக் குளிரில் மாவு புளிப்பதே பெரும்பாடு; மிக்ஸியில் அரைத்த மாவு என்றால் இட்லி கல்லாகத்தான் வரும். கிரைண்டரைக் கட்டும் விதத்தில் மட்டும் கவனம் வேண்டும். 1996இல் நாங்கள் தஞ்சாவூரிலிருந்து நாக்பூருக்குப் போனபோது, குழவியை உள்ளேயே விட்டுக் கட்டிவிட்டேன். போய்ச் சேர்ந்து கோணியைப் பிரித்தால், பாத்திரத்தின் விளிம்பு நசுங்கி, குழவியில் ஒரு மூலை பெயர்ந்திருந்தது. அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். குழவியைத் தனியே எடுத்துப் பழைய போர்வையில் சுற்றி, தனிக் கோணியில் போட்டு, கோணி ஊசியால் நெருக்கமாகத் தைத்துவிடுங்கள். ஒவ்வொரு மூட்டையிலும் பெயர், தொலைபேசி எண், புறப்படும் நிலையம், சேரும் நிலையம் நான்கையும் இரண்டு பக்கமும் எழுதுங்கள். சாயம் போகாத மார்க்கரால் துணியிலேயே எழுதுவது நல்லது. ஒட்டிய காகிதம் கிழிந்துவிடும்.

சான்றிதழ்களும் நகையும் உங்கள் கைப்பையில்தான் வரவேண்டும். மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டாமல் அனுப்பிய லக்கேஜ் தொலைந்தால், ரயில்வே கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் தராது. நிஜாமுதீனில் மூட்டைகளை உடனே எடுத்துவிடுங்கள். தாமதித்தால் அதற்கும் கட்டணம் உண்டு.

கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். அவர்கள் தரும் மாற்றுச் சீட்டு இருந்தால் தில்லியில் புது இணைப்பு எளிது. பைக்கை ஓராண்டுக்கு மேல் அங்கே ஓட்டுவதானால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்கு இங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள், பிறகு அதற்காக மதுரைக்கு ஓடி வர முடியாது.

இப்படிச் செய்தால் 45,000இல் பெரும்பகுதி கையில் நிற்கும். வீட்டு அட்வான்ஸுக்கும் முதல் மாதச் செலவுக்கும் அது வேண்டும். அதில் முதல் செலவு மூன்று ரஜாயாக, அதாவது தடித்த பஞ்சுப் போர்வையாக இருக்கட்டும். மாமியாருக்கு ஒரு கம்பளியும் காலுறையும் மூட்டைக்குள் போய்விடாமல் கையிலேயே வைத்திருங்கள். ரயில் வடக்கே ஏற ஏற, இரண்டாம் இரவிலேயே குளிர் தொடங்கிவிடும்.