ஊசி போடும் அன்று ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்

கேள்வி: எனக்கு வயது 43. ஒன்றரை வருடமாக இடுப்புக்குக் கீழே வலது பக்கம் வலி. நாற்காலியை விட்டு எழுந்தால், படுக்கையில் புரண்டால் சுரீரென்கிறது. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை. ‘எஸ்.ஐ. ஜாயின்ட்’ வலி, ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்கிறார் டாக்டர். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஸ்டீராய்டு போட்டால் உடம்பு ஊதும், எலும்பு கரையும் என்று பயமுறுத்துகிறார்கள். போட்டுக்கொள்ளலாமா?

பதில்: போட்டுக்கொள்ளலாம். சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண எலும்பும் இடுப்பெலும்பும் சேருமிடம்தான் எஸ்.ஐ. ஜாயின்ட். ‘எங்கே வலிக்கிறது?’ என்று கேட்டால், இந்த வலிக்காரர்கள் பலர் இடுப்பில் குழி விழும் இடத்துக்குப் பக்கத்தில் ஒற்றை விரலை வைத்து அழுத்திக் காட்டுவார்கள். நீங்களும் அப்படித்தானா என்று பாருங்கள். காலை மடக்கியும் இடுப்பை அழுத்தியும் செய்யும் சோதனைகளில் குறைந்தது மூன்றில் வலித்தால் சந்தேகம் வலுக்கும். அப்போதும் அது சந்தேகம்தான். இந்த வலியில் ஸ்கேன் சுத்தமாக இருப்பதும் சகஜம்.

அதனால் இந்த ஊசி பாதி சிகிச்சை, பாதி பரிசோதனை. வழக்கமாக அதில் இரண்டு மருந்து இருக்கும். மரத்துப்போக வைக்கும் மருந்து சில நிமிடங்களில் வேலை செய்து, சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஸ்டீராய்டு பிடிக்க இரண்டு நாளிலிருந்து ஒரு வாரம்கூட ஆகும். இடையில் வலி திரும்பும், ஓரிரு நாள் கூடவும் செய்யலாம். “டாக்டர், ஊசி வேலை செய்யலையே” என்ற போன் எனக்கு வருவது பெரும்பாலும் மறுநாள் காலையில்தான்!

ஊசிக்கு முன்பு வலி பத்துக்கு எத்தனை என்று தாளில் எழுதுங்கள். பிறகு ஆறு மணி நேரம், மணிக்கொரு முறை, வலிக்கும் அதே அசைவைச் செய்து பார்த்து எழுதுங்கள். எட்டு இரண்டாக இறங்கினால் குற்றவாளி அந்த மூட்டுதான். இறங்கவே இல்லையென்றால் வலி வேறெங்கிருந்தோ வருகிறது. அதே ஊசியைத் திரும்பப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

எக்ஸ்ரே திரையிலோ ஸ்கேனிலோ பார்த்துக்கொண்டே போடுவார்களா என்று கேளுங்கள். குறுகலான, சாய்வான மூட்டு அது. கைக்கணக்கில் குத்தினால் ஊசி உள்ளே போவது அபூர்வம்.

உடம்பு ஊதுவதும் எலும்பு மெலிவதும் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களின் கவலை. எப்போதோ போடும் ஓர் ஊசிக்கு அந்தப் பயம் வேண்டாம். வருடத்துக்கு மூன்று நான்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வோம். உங்களுக்குச் சர்க்கரைதான் ஏறும், சில நாள், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும். அடிக்கடி பாருங்கள், மருந்தளவை நீங்களாக மாற்றாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லுங்கள். காய்ச்சலோ புண்ணோ இருந்தால் தள்ளிப்போடுங்கள். அன்று கால் சற்று மரத்துப் போகலாம், வண்டி ஓட்ட வேண்டாம்.

பலன் சிலருக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள். வலி குறைந்திருக்கும் அந்த நாட்களில்தான் புட்டத் தசைகளுக்கான பயிற்சியைப் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

நீங்கள் எழுதாத ஒன்று: காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு இறுகி, நடமாடினால் இளகுகிறதா? ஆமென்றால் ஊசிக்கு முன் மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள். அது வாத நோயாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு.