மறுமொழி: மோட்டார் ஓடுகிறது, தண்ணீரோடு காற்றும் வருகிறது

வணக்கம் சகோ. மாதவரம் வீட்டு நீச்சல் குளத்தில் மோட்டார் ஓடியும் தண்ணீர் வேகமில்லாமல், குமிழ் குமிழாகக் காற்று வருகிறது, மெக்கானிக் புது மோட்டார் போடச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்பட்டு வாங்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், குளத்திலிருந்து மோட்டாருக்குத் தண்ணீர் வரும் வழியில் எங்கோ காற்றை இழுக்கிறது.

முதலில் நீர்மட்டம். கத்திரி வெயிலில் தண்ணீர் மளமளவென்று இறங்கும். ஸ்கிம்மர் (குளத்துச் சுவரில் மேல்மட்டத் தண்ணீரை உறிஞ்சும் திறப்பு) வாயில் பாதி அளவாவது தண்ணீர் நிற்க வேண்டும்.

அது சரியாக இருந்தால், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு பம்ப் மூடியைத் திறங்கள். உள்ளே குப்பையைப் பிடிக்கும் கூடையில் அடைத்திருக்கும் இலை, முடியை எடுத்துவிட்டு, மூடிக்கு அடியில் உள்ள ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். தட்டையாகவோ, நுண்ணிய வெடிப்போடோ இருந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். பழைய வளையத்தைக் கையோடு எடுத்துப்போய் பாரிமுனைப் பக்கம் அதே அளவில் வாங்குங்கள். சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். வாசலின் வேண்டாம், சில வகை ரப்பர் ஊதிப்போகும். மூடுவதற்கு முன் கூடை நிறையத் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள்.

அப்புறமும் குமிழ் வந்தால், மோட்டார் ஓடும்போது உறிஞ்சும் பைப் இணைப்புகளில் ஷேவிங் நுரையைப் பூசிப் பாருங்கள். ஓட்டை உள்ள இடத்தில் நுரை உள்ளே இழுபட்டுக் குழி விழும்.

பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே தண்ணீர் சொட்டினால் அது சீல் (மோட்டார் தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் தடுக்கும் பாகம்) தேய்மானம். சீலை மட்டும் மாற்றினால் போதும். ஃபில்டரில் உள்ள அழுத்த மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்றும் எழுதுங்கள்.