குளோன் தேயிலை மரபணு மாற்றப் பயிரா?

கேள்வி: எங்கள் தோட்டத்தில் பாதி விதைச் செடி, பாதி குளோன் செடி. குளோன் என்றால் மரபணு மாற்றம் செய்ததா? ‘வேறுபாடுகள்’ பாடத்துக்கு இதை வைத்துச் செயல்திட்டம் செய்யலாமா?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, கோத்தகிரி

பதில்: இல்லை, மகளே. நன்றாகக் கொழுந்து விடும் தாய்ச்செடியைப் பல ஆண்டு கவனித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிலிருந்து ஓர் இலை, அதன் கோணமொட்டு (இலையும் தண்டும் சேரும் இடத்து மொட்டு), 3–4 செ.மீ. தண்டு என வெட்டி வேர்விட வைத்தால் குளோன் நாற்று. இதில் வெளி மரபணு எதுவும் நுழைவதில்லை. 2002-ல் இந்தியாவில் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியில்தான் மண் பாக்டீரியாவின் மரபணு சேர்க்கப்பட்டது.

விதைச் செடியின் கதை வேறு. தேயிலைப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தை ஏற்காது. ஆகவே ஒவ்வொரு விதையும் புதுக் கலவை. அடுத்தடுத்த செடிகளிலேயே ஒன்றில் இலை சிறுத்துக் கருத்திருக்கும், மற்றொன்றில் அகன்று வெளிறியிருக்கும்.

செயல்திட்டத்துக்கு இது அருமையான இடம். 30 விதைச் செடி, 30 குளோன் செடி, செடிக்கு ஒரு முதிர்ந்த இலை. காம்பை விட்டுவிட்டு இலைப்பரப்பின் நீளத்தை மி.மீ.யில் அளந்து, 5 மி.மீ. இடைவெளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை இலை என்று வரைபடம் போடுங்கள். கூடவே ஒரே குளோன் செடியிலிருந்து 30 இலை அளப்பதை விட்டுவிடாதீர்கள். அங்கே தெரியும் வித்தியாசம் மரபணுவால் வந்ததல்ல. வெயில், நிழல், இலையின் வயதுதான் காரணம். அதைக் கழித்துப் பார்த்தால்தான் மற்ற இரண்டுக்கும் பொருள் உண்டு.

பலர் கொழுந்தைப் பறித்து அளக்கிறார்கள். அது இன்னும் வளரும் இலை, கணக்குக்கு உதவாது. இரண்டு பாத்திகளும் ஒரே ஆண்டில் கவாத்து செய்தவையா (கிளைகளை வெட்டிவிட்டவையா) என்று கேளுங்கள். பட்டுப்போன செடிக்குப் பதில் நட்டவற்றை ஒதுக்குங்கள்; அவை வேறு குளோனாக இருக்கலாம்.

கேள்வி: திசு வளர்ப்பு விருப்பாச்சி வாழைக்கு முடிக்கொத்து நோய் வராதா?
– விவசாயி, தாண்டிக்குடி

பதில்: வரும், ஐயா. முடிக்கொத்து ஒரு வைரஸ் நோய். திசு வளர்ப்பில் வாழையின் சிறு திசுவை ஆய்வகத்தில் வளர்த்துக் கன்றாக்குகிறார்கள். வைரஸ் பரிசோதித்த கன்று நோயில்லாமல் வருகிறது, அவ்வளவுதான். எதிர்க்கும் மரபணு அதில் இல்லை. பக்கத்துத் தோட்டத்து அசுவினி (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) வைரஸைக் கொண்டுவந்தால் நோய் பிடிக்கும். எல்லாக் கன்றும் ஒரே மரபு என்பதால் ஒன்று தாங்காததை மற்றதும் தாங்காது. இலைக்காம்பில் விட்டுவிட்டுக் கரும்பச்சைக் கோடு தெரிந்தால், முதலில் அசுவினியைக் கொல்லுங்கள், பிறகு கிழங்கோடு தோண்டி அழியுங்கள். முதலிலேயே தோண்டினால் அசுவினி அடுத்த வாழைக்குப் போய்விடும்.