மெயின்பிரேம் புரோகிராமிங்கைத் தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா?

வேலையில் சேர்ந்ததும் கேட்டது ஜாவா, கிடைத்தது மெயின்பிரேம் எனும் பெருங்கணினி. உடன் சேர்ந்தவர்கள் துக்கம் விசாரிப்பதுபோல் பார்க்கிறார்கள். உங்கள் நிலை இதுதான் என்று நினைக்கிறேன். நானும் அப்படி உள்ளே வந்தவன்தான். பதினாறு ஆண்டுகள் ஆகிவிட்டன.

"செத்துப்போன தொழில்நுட்பம்" என்று நான் சேர்ந்த அன்றே சொன்னார்கள். 1959-இல் உருவாக்கத் தொடங்கிய கோபால் (COBOL) என்ற நிரல்மொழி, 1964-இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360 மெயின்பிரேமின் வாரிசுகளில் இன்றும் ஓடுகிறது. அதனால் நான் தீர்க்கதரிசி என்று சொல்ல வரவில்லை. வேறு வேலை கிடைத்திருந்தால் ஓடியிருப்பேன்.

இரண்டாம் ஆண்டில் ஒருநாள் இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. வட்டியை மொத்தமாகக் கணக்கிடும் பேட்ச் ஜாப், எஸ்0சி7 என்ற பிழைக்குறியோடு விழுந்துகிடந்தது. எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் அல்லாத ஏதோ இருக்கிறது என்று பொருள். ஜாப் விழுந்தபோது நினைவகத்தில் இருந்ததைக் காட்டும் டம்ப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எண்களைச் சுருக்கிச் சேமிக்கும் ஒரு காம்ப்-3 புலத்தில் 40404040 என்று உட்கார்ந்திருந்தது. மெயின்பிரேம் எழுத்துகளைச் சேமிக்கும் எப்சிடிக் குறியீட்டில் 40 என்றால் வெற்றிடம் (ஸ்பேஸ்). தொகையே இல்லாத ஒரு கணக்குக்கு, முந்தைய ஜாப் பூஜ்யத்துக்குப் பதில் வெற்றிடத்தை எழுதி அனுப்பியிருக்கிறது. அப்படி எழுதிய புரோகிராம் வரியின் மேலிருந்த குறிப்பில் தேதி இருந்தது; நான் பள்ளியில் சேர்வதற்கு முந்தைய தேதி! திருத்தியது ஒரு வரி, தேடியது நான்கு மணி நேரம்.

காலையில் நன்றி மடல் வந்தது. ஆறு பெயர்கள். ஐந்து பேர் அந்நேரம் உறங்கிக்கொண்டிருந்தவர்கள். ஆறாவது பெயர் என்னுடையது, எழுத்துப் பிழையோடு. கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லைதான். ஆனாலும் மறக்க முடியவில்லை.

சேரலாமா என்றால், இந்த வேலையில் எழுதுவது கொஞ்சம், படிப்பது மலையளவு. அதுவும் யாரோ எப்போதோ எழுதியதை. மெயின்பிரேம்போல் நடிக்கும் ஹெர்குலிஸ் என்ற எமுலேட்டரை உங்கள் கணினியில் நிறுவி, எம்விஎஸ் 3.8 என்ற பழைய மெயின்பிரேம் இயங்குதளத்தை ஓட்டிப் பாருங்கள், செலவில்லை. எந்த ஜாப்பை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் ஜேசிஎல்லில் விட்டுப்போன ஒரு காற்புள்ளியைத் தேடும்போது ஆத்திரம் மட்டுமே வருகிறதென்றால் வேண்டாம். வேலை தருகிற இடங்களும் வங்கி, காப்பீடு, அரசு என்று குறுகிய வட்டம்தான். அதை மறைக்க மாட்டேன்.

"எல்லாம் கிளவுடுக்குப் போகிறதே" என்று யாராவது வருவீர்கள். தெரியும். அப்படிப்பட்ட திட்டங்கள் இரண்டில் நானே இருந்திருக்கிறேன். ஒன்றைப் பாதியில் கைவிட்டார்கள். இன்னொன்றில், பழைய புரோகிராம்கள் என்ன செய்கின்றன என்று எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.