மார்கரெட்டும் டெய்சியும் ஒரே ஆளா?

1884 மே மாதம் பிறந்து மார்கரெட் என்று ஞானஸ்நானம் பெற்ற பெண், 1901 இங்கிலாந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் டெய்சி என்று இருக்கிறாள், எழுதியவர் பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பிழை இல்லை.

டெய்சி என்பது ஒரு பூ, அந்தச் சொல் பழைய ஆங்கிலத்தில் 'பகலின் கண்'. நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெள்ளை இதழ். பொழுது சாய்ந்தால் இதழ்கள் மேலே குவிந்து மஞ்சளை மூடிவிடும், விடிந்ததும் விரியும். எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள்!

மார்கரெட் கிரேக்க மூலம், பொருள் முத்து. அதன் பிரெஞ்சு வடிவமான மார்கெரித், அந்த மொழியில் டெய்சிப் பூவுக்கும் பெயர். அந்த வழியில்தான் மார்கரெட்டுகளை வீட்டில் டெய்சி என்று கூப்பிட்டார்கள். 1882இல் பிறந்து, பின்னாளில் சுவீடனின் பட்டத்து இளவரசியான மார்கரெட்டும் டெய்சிதான்.

ஆனால் உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் டெய்சி தனிப்பெயராகவும் பரவியிருந்தது. கணக்கெடுப்பு நாள் 31 மார்ச் 1901. உங்கள் பெண்ணுக்கு அன்று வயது 16 என்றுதான் இருக்க வேண்டும், 17 அல்ல. 1891 கணக்கெடுப்பில் அதே வீட்டில் இரண்டு பெயர்களும் இருந்தால் அவர்கள் வேறு வேறு ஆட்கள், சகோதரிகளாக இருக்கலாம். அடுத்து, அதே பதிவு வட்டத்தில் டெய்சி என்று தனிப் பிறப்புப் பதிவு உண்டா என்று தேடி, தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரை ஒப்பிடுங்கள். திருமணச் சான்றிதழ் கிடைத்தால் தகப்பனார் பெயரும் தொழிலும் அதில் இருக்கும், அதைக் கட்டாயம் வாங்கிவிடுங்கள்.